அம்மாவுக்குக் கேட்காத வாத்தியம்

1

நான் பாரீசில் சினிமாவுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மரக்காணத்தில் பேசிக்கொள்கிறார்களாம். தங்கை வசந்தி தொலைபேசியில் சொன்னாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் என் பெயரைச் சொல்லி, "நம்ம பையன்தான், இப்ப பெரிய ஆளு" என்றாராம். அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான் இருப்பது பாரீசில்கூட இல்லை. வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறி, பெயரைச் சொன்னால் பாரீஸ்காரர்களே முகம் சுளிக்கும் ஓர் ஊரில் இறங்க வேண்டும். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதும் பிறகு பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதும் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஓர் உணவகத்தில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். சினிமாவுக்குப் போட்டது ஒரே ஒரு பாட்டு. அது இந்த மாதம்தான் வெளிவந்தது.

வசந்தியிடம், "இல்லைன்னு சொல்லிடு" என்றேன்.

"நான் ஏன் சொல்றேன்? நீ வந்து சொல்லு" என்றாள்.

நேரில் போனால் நான் பேச மாட்டேன். எதிரே ஆள் இருந்தால் எனக்கு வார்த்தை வராது. அதனால்தான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவனின் எழுத்து இது. அதற்குத் தக்கபடி படித்துக்கொள்ளுங்கள்.

2

பாஸ் கிட்டார் என்றால் என்ன என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். தடித்த நான்கு கம்பிகள். சாதாரண கிட்டார் மேலே பேசும். இது கீழே முனகும். பாடுகிறவர் முன்னால் நிற்பார், டிரம்ஸ்காரர் வேர்த்து விறுவிறுக்க அடிப்பார். பாஸ்காரன் ஓரமாக, பெட்டிகளுக்குப் பக்கத்தில், பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போல நிற்பான். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

சிறு வயதில் நான் கேட்ட பாட்டெல்லாம் கூம்பு ஸ்பீக்கரில் கேட்டதுதான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் பனைமரத்தில் கூம்பைக் கட்டிவிடுவார்கள். உப்பளத்தின் மேல் அந்தச் சத்தம் தடையில்லாமல் ஓடும். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி அது. ஆனால் கூம்பில் அடியில் முனகும் சத்தம் வராது. பாடுகிறவர்களின் குரலும் வயலினும்தான் வரும். பாட்டு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

பள்ளி முடித்த பிறகு புதுச்சேரியில் ஒரு கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி பெரிய பெட்டி ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டார். எனக்கு மனப்பாடமான பாட்டு. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே உள்ளது அழுதால் அது அழவில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமும் இது இங்கேதான் இருந்ததா என்று எனக்குக் கோபமே வந்தது. கடையில் நின்றபடி கையை ஸ்பீக்கரின் மேல் வைத்துப் பார்த்தேன். முதலாளி, "டேய், அழுக்காவும், கைய எடு" என்றார்.

அந்தக் கடைக்கு வந்துபோன ஜோசப் அண்ணன் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அவருடைய பாஸ்காரர் துபாய்க்குப் போய்விட்டார். "உனக்குத் தாளம் நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். "பேசுவியா?" என்றார். தலையை ஆட்டினேன், இல்லையென்று. "அப்ப நீதான் ஆளு" என்றார். விரல் நுனிகள் கிழிந்து, காய்ந்து, மறுபடி கிழிந்து, ஒரு கோடைக்குள் வாசிக்கக் கற்றேன்.

அனுமந்தையில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். அம்மா உப்பளத்து வேலை முடித்துக் குளித்துவிட்டு, வசந்தியை அழைத்துக்கொண்டு, பஸ் ஏறி வந்து முன்வரிசையில் மணலில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"பாடுன பொண்ணு நல்லா பாடுச்சு. டிரம்முக்காரன் காத கிழிச்சுட்டான். ஆமா, நீ வாசிச்சது எதுடா?"

"கீழ ஒண்ணு கேட்டிருக்கும்மா. டும், டும்னு."

அம்மா யோசித்தாள். "அது ஜெனரேட்டர்னு இல்ல நெனச்சேன்."

ஜோசப் அண்ணன் சிரித்து சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து குழுவில் என் பெயர் ஜெனரேட்டர். நானும் சிரித்தேன். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. தன் மகன் எங்கே இருந்தான் என்று தெரியாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு வருத்தம். பஸ்ஸில் ஏறும்போதுகூட, "கொஞ்சம் சத்தமா வாசிக்கறதுதான" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ இடங்களில் வாசித்துவிட்டேன். அம்மா ஒருமுறையாவது என்னைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் உள்ளே கிடந்தது.

3

உப்பு வாருவதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பாத்தியில் உப்பு பூத்ததும் இரண்டு பேர் இறங்குவார்கள். பெரும்பாலும் கணவன் மனைவி. நீளக் கொம்பில் மாட்டிய பலகையை முன்னால் நீட்டி, தரையோடு அழுத்தி, தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுப்பு மூன்று. நாலாவதற்குப் பலகையைத் தூக்கிக் குவியலில் சாய்க்க வேண்டும். இவர் சாய்த்ததும் அந்தப் பக்கம் இருப்பவர் பலகையை வைப்பார். தரையில் மரம் படும் சத்தம் கேட்கும். அவர் இழுக்கும்போது இவர் நீட்டுவார். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தண்ணீர் கலங்கி உப்பில் சேறு ஏறிவிடும். அழுக்கு உப்பை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். முதலில் தீபாவளிக்கு வந்தார். பிறகு வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று கேள்விப்பட்டோம். அம்மா யாரையும் ஜோடி சேர்த்துக்கொள்ளாமல் ஒரு பாத்தியைத் தனியாக வாரினாள். நாங்கள் வரப்பில் உட்கார்ந்திருப்போம். மூன்று இழுப்பு, ஒரு தூக்கு. பிறகு ஒரு கணம் நிற்பாள். மறுபடி மூன்று இழுப்பு.

"ஏம்மா நிக்கிற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணி தெளியட்டும்டா" என்றாள்.

எதிர்ப்பக்கத்து ஆளுக்கு விட்ட இடம் அது என்று வளர்ந்த பிறகு எனக்குத் தோன்றியது. அவளிடம் அதைக் கேட்கவில்லை.

குழுவில் ஒத்திகை இல்லாத நேரங்களில் நான் என்னையறியாமல் ஒன்றை வாசித்துக்கொண்டிருப்பேன். நான்கு தட்டு, ஒரு காலி. தபலாக்காரர் ஒருநாள், "இது கண்டம்டா, அஞ்சு. யார்ட்ட கத்துக்கிட்ட?" என்றார். யாரிடமும் இல்லை என்றேன். "அஞ்சாவதுல ஏன் விட்டுட்ற? அங்கதான ஆளு விழுவான்" என்றார். அங்கே எனக்கு ஒன்றும் வாசிக்க வரவில்லை. விரல் போகாது.

பிறகு புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வாசிக்க வேலை கிடைத்தது. புதுச்சேரிக்கு வெளியே இரும்பை என்ற ஊரில் தங்கியிருந்த மார்த் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அங்கே பியானோ வாசிப்பார். அவர் மூலமாகத்தான் ஜாஸ் எனக்குள் வந்தது. ஜாஸ் என்றால் பெரிதாக ஒன்றும் பயப்பட வேண்டாம். தெரிந்த பாட்டை முதலில் நேராக வாசிப்பார்கள். பிறகு ஆளாளுக்கு அந்தப் பாட்டின் அறைகளில் இஷ்டப்படி சுற்றிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வந்து சேர்வார்கள். மற்றவர்கள் சுற்றும்போது வீடு இடியாமல் நிற்பதற்குப் பாஸ்காரன் பொறுப்பு. மார்த் எனக்குச் சில பழைய இசைத்தட்டுகளைக் கொடுத்தார். சுருக்கமாக, மெதுவாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடும் பாட்டுகள். நம் சினிமாப் பாட்டின் மெட்டும் அந்த ஜாஸின் நிதானமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது யோசிக்க ஆரம்பித்தேன். இன்றுவரை நான் போட்டதெல்லாம் அந்த ஒரு யோசனைதான்.

4

அமுதாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல. அவள் மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நான் வீடு திரும்பும்போது அவள் கிளம்புவாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான் நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறோம். 'ரசம் இருக்கு.' 'வாடகை கட்டியாச்சு.' 'நிலா போன் பண்ணா, பேசுங்க.'

பிரெஞ்சிலும் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. எதை யாரிடம் சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வந்த புதிதில் தலைமை ஆசிரியையை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லாக் கரண்டிகளும் நின்றுவிட்டன. அந்தப் பயத்தில் அன்றிலிருந்து எல்லோருக்கும் 'நீங்கள்'தான். ஆறு வயதுப் பிள்ளையிடம், "நீங்கள் கேரட் எடுத்துக்கொள்ளவில்லையே" என்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிலர் எனக்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டுத் தட்டை வாங்குவார்கள்.

ஒருநாள் என் மகள் நிலாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் லியோனில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் கிளம்பும்போது, பிரெஞ்சில், "நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேருங்கள்" என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டியபடி என்னைப் பார்த்தாள்.

"பப்பா, நான் ஸ்கூல் கேண்டீன் புள்ளையா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ரயில் போன பிறகும் நான் நடைமேடையில் நின்றிருந்தேன். அவளிடம் தமிழில் பேசியிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. ஆனால் தமிழில் பேசினால் அவள் பாதிதான் கேட்கிறாள். நான் அனுப்பும் செய்திகளுக்கு ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும்.

இசைக்காரன் என்று பதிவு செய்துகொள்ள ஒருமுறை அலுவலகத்துக்குப் போனேன். வருடத்தில் இத்தனை மணிநேரம் மேடையில் வாசித்தேன் என்று சான்று வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளைக் கூட்டிப் பார்த்தார் அங்கிருந்த பெண் அலுவலர். போதாது. "அப்படியானால் தொழில் என்று என்ன போட?" என்றார். அவர் கணினியில் 'உணவுக்கூட ஊழியர்' என்று ஏற்கெனவே இருந்தது. அதுவே இருக்கட்டும் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

5

உணவகத்தில் பாடும் க்ளேர் பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் பேச்சு குறைவு, பாட்டில் ஒத்துப்போகும். நான் மெட்டைப் போட்டு முனகிக் காட்டுவேன். அவர் பிரெஞ்சில் சொற்கள் எழுதுவார். அப்படி இரண்டு சிறிய இசைத்தொகுப்புகள் வெளியிட்டோம். அவற்றை வாங்கியவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும்.

இரண்டாவது தொகுப்பில் அந்த ஐந்து வந்தது. நான்கு தட்டு, ஒரு காலி. க்ளேர் அந்தக் காலி இடத்தில் மூச்சை மட்டும் எடுப்பார். உணவகத்தில் அந்தப் பாட்டு வந்தால் கரண்டிகள் அமைதியாகும். ஒரு கிழவர் ஒவ்வொரு வாரமும் அதைப் பாடச் சொல்வார். "அந்த இடத்தில் யாரோ எழுந்து போகிறார்கள்" என்று ஒருமுறை சொன்னார்.

திண்டிவனத்தைச் சேர்ந்த தினேஷ் என்ற இளைஞர் அதை இணையத்தில் எப்படியோ கேட்டிருக்கிறார். முதல் படம் எடுக்கிறார். உப்பளத்தில் நடக்கும் கதை. கணவன் விட்டுப்போன ஒரு பெண்.

"அண்ணா, நீங்க மரக்காணமாமே! நம்பவே முடியலண்ணா. பாரீஸ்ல ஒக்காந்துக்கிட்டு எங்க ஈசிஆர் ரோட்ட வாசிக்கிறீங்க" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தார். "எனக்கு இதே மாதிரி ஒண்ணு, தமிழ்ல, வேணும்ணா."

சினிமாவுக்குப் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. தினேஷ் காட்சியை அனுப்பினார். வெயிலில் ஒரு பெண் நடக்கிறாள், அவ்வளவுதான். நான் அதைச் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். நம் சினிமாவில் பாட்டு என்றால் பல்லவி முடிந்ததும் வயலின்கள் கூட்டமாக வந்து இறங்கும். எனக்கு அந்த வெட்டவெளியில் கூட்டமே வேண்டாம் என்று தோன்றியது. ஒரு குரல், ஒரு பாஸ், பின்னால் லேசாகப் பியானோ. மெட்டு மூன்று தட்டு இழுக்கும், நாலாவதில் ஏறும், பிறகு ஒன்றுமில்லை. சொற்களையும் நானே எழுதினேன்.

காத்து வந்தா காஞ்சிடும்
மழை வந்தா கரைஞ்சிடும்
நீ வந்தா என்ன ஆகும்
நான் யாரப் போயி கேக்கட்டும்

கவிதை என்று சொல்ல முடியாது. பாட்டில் உப்பு என்ற சொல்லே கிடையாது. வேண்டுமென்றே விட்டேன். பார்ப்பவர்களுக்குத்தான் தெரிகிறதே.

தினேஷ் பாட்டை ஏற்றுக்கொண்டார். சென்னையில் ஒரு பெண் பாடினார். என் பாஸை நான் இங்கிருந்தே பதிவு செய்து அனுப்பினேன். படம் திண்டிவனத்தில் வரும். அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போவதாக வசந்தியின் கணவர் சொல்லிவிட்டார். தியேட்டரில் பெரிய பெட்டிகள் இருக்கும். அங்கே அம்மாவுக்கு நான் கேட்பேன். கேண்டீனில் தட்டுகளை அடுக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

பிறகு தினேஷ் கூப்பிட்டார். குரல் மெதுவாக இருந்தது.

"அண்ணா, பாட்டு செமண்ணா. எல்லாரும் சொல்றாங்க. ஒரே ஒரு விஷயம்."

"சொல்லுப்பா."

"அந்த அஞ்சாவது காலியா வுடுறீங்க இல்ல? தியேட்டர்ல ஒயரு பிச்சுக்கிச்சுன்னு நெனப்பாங்கண்ணா. எங்க எடிட்டரே ரெண்டு தடவ ஃபைல் கரப்ட்டுன்னு திருப்பிக் கேட்டாரு."

"அது வேணும்னே வுட்டதுப்பா."

"எனக்குத் தெரியும்ணா. சீட்டு சீட்டா போயி நான் சொல்ல முடியுமா? அங்க ஒரு சின்ன தட்டு வெக்கிறோம். மரத்துல தட்டுற மாதிரி. உங்க மெட்ட யாரும் தொடல."

அவரே தொடர்ந்தார். "ப்ரொட்யூசர் வேற பாட்டு வாங்கிடலாம்னு ஒரு பக்கம் சொல்லிக்கிட்டிருக்காருண்ணா. எனக்கு உங்க பாட்டுதான் வேணும். திங்கக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அந்த இடம் ஏன் காலியாக இருக்க வேண்டும் என்று விளக்கி அவருக்கு ஒரு செய்தி எழுதினேன். என் அம்மா, அவள் வாரிய பாத்தி, அப்பா, எல்லாம் அதில் வந்தன. படித்துப் பார்த்தேன். முன்பின் பார்க்காத ஒரு பிள்ளையிடம் என் அம்மாவை நிறுத்திக் காட்டுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டேன்.

தட்டு வைத்துத் தினேஷ் அனுப்பிய மாதிரியையும் என் மூலத்தையும் நிலாவுக்கு அனுப்பினேன். இம்முறை கட்டைவிரல் வரவில்லை. கூப்பிட்டாள்.

"பப்பா, தட்டு இல்லாதது அழகு. ஆனா அது கேட்டா எனக்கு ஒரு மாதிரி ஆவுது. நீ சமையல் ரூம்ல தனியா நிக்கிற மாதிரி."

"எது போடட்டும்?"

"உன் பாட்டு. நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அமுதாவுக்கு விடுப்பு. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இங்க பாருங்க, யாரு கேக்கறதுக்குப் போட்டீங்க இத?"

"அம்மாதான்."

"அப்ப தியேட்டர்ல வந்தாத்தான கேப்பாங்க? தட்டு இருந்தா வருது, இல்லன்னா வரல. இதுல என்ன ரோசன?"

சுலபமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பாட்டில் நான் வாசித்த நாலும் அந்த ஐந்தாவதற்காக வாசித்தவை. அதை அடைத்துவிட்டால் பிறகு நான் எதற்கு என்று தோன்றியது. வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் காலியாகவே இருக்கும், வெள்ளிக்கிழமைக் கிழவருக்கும் எனக்கும் மட்டும். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னொரு படம் எனக்கு வரப்போவதில்லை.

திங்கட்கிழமை கேண்டீனிலிருந்து 'சரி' என்று ஒரு சொல் அனுப்பினேன். தினேஷ் இதயப் படங்களாக அனுப்பித் தள்ளினார்.

7

படத்துக்கு முன்பாகவே பாட்டு இணையத்தில் வந்துவிட்டது. தியேட்டர் வரைக்கும் வசந்திக்குப் பொறுமை இல்லை. அங்கே சாயங்காலம், இங்கே மதியம். பிள்ளைகள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். வீடியோவில் கூப்பிட்டாள்.

"ண்ணா, அம்மாவுக்கு இப்பவே போடுறேன்."

"போன்லயா? வேண்டாம் வசந்தி, போன்ல பாஸ் கேக்காது. தியேட்டர்ல..."

"தியேட்டர்ல இன்னொரு வாட்டி கேக்கட்டுமே, யார் வேணான்றது?"

அவள் தன் மகனின் கைப்பேசியில் பாட்டைப் போட்டு அம்மாவின் ஒரு காதில் வைத்தாள். அம்மா என்னையும் பிடித்து மறு காதில் வைத்துக்கொண்டாள். எனக்குத் திரையில் அவளுடைய காது மட்டும் தெரிந்தது. தோடு இல்லை. நரைத்த முடி. தூரத்தில், தகரத்தைச் சுரண்டுவதுபோல், சென்னைப் பெண்ணின் குரல் கேட்டது. பிறகு அந்த மரத்தட்டு. என் பாஸ் இல்லவே இல்லை. நகத்தளவு ஸ்பீக்கரில் அது எங்கிருந்து வரும்? மறுபடியும் கூம்புதான்.

"கேக்குதாம்மா?"

"இரு, பேசாத."

பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு முகத்துக்கு நேராக என்னைக் கொண்டுவந்தாள்.

"அந்தப் பொண்ணு உப்பு வார்றா."

அந்த ஐந்து உப்பு வாரும் தாளம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வசந்திக்குக்கூடத் தெரியாது.

"ஆமாம்மா" என்றேன்.

"யார்டா அது கூட?"

"எது?"

"அவ இழுத்து, இழுத்து, இழுத்து, தூக்குறா இல்ல? தூக்குனதும் அந்தாண்ட ஒரு ஆளு பலகய வெக்கிறானே. டொக்குனு. அது யாரு?"

"அது நான் வெக்கலம்மா. மெட்ராஸ்ல ஒருத்தன் கம்ப்யூட்டர்ல வெச்சான்."

"நல்ல வேல செஞ்சான். ஒண்டியா வார்றவள பாட்டுல வேற போட்டு வெக்கணுமா?"

வசந்தி குறுக்கே வந்தாள். "யம்மா, அந்த டொக்கு அண்ணன் இல்லயாம். அண்ணன் வாசிச்சது கேட்டியா, அதச் சொல்லு. கீழ வரும்."

"போடி. எனக்குக் கேட்டது எனக்குத் தெரியும்."

சிறு வயதில் கேட்டு, பிறகு கேட்காமலே விட்டதை அப்போது கேட்டேன். "ஏம்மா, நீ அப்ப நடுவுல நின்னு நின்னு வாருவியே, அது எதுக்கு?"

"நின்னனா? எப்ப?"

"தூக்கிக் கொட்டிட்டு நிப்ப. தண்ணி தெளியட்டும்னு சொன்ன."

அம்மா யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. "மூச்சு வாங்கியிருக்கும்டா. வெயில்ல ஒண்டியா இழுத்தா நிக்க மாட்டாங்களா? அதெல்லாமா பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த? ரெண்டு கூட உப்பு தூக்கியிருக்கலாம்ல." வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா மறுபடி கேட்டாள். "சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். கேண்டீனில் மிஞ்சிய உருளைக்கிழங்கு.

8

அந்த வாரமே தினேஷிடமிருந்து செய்தி வந்தது. தட்டு இல்லாத என் மூல வடிவத்தையும் இணையத்தில் தனியாகப் போடலாமே, அதைக் கேட்கவென்று ஒரு கூட்டம் இருக்கிறது, உங்கள் பெயர் பெரிதாக வரும் என்று கேட்டிருந்தார். நல்ல பிள்ளை. என்னைக் காயப்படுத்திவிட்டோமோ என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

போடச் சொல்லியிருந்தால் நான் வாசித்தது நான் வாசித்தபடியே உலகத்தில் இருந்திருக்கும். வசந்தி அதையும் அம்மாவின் காதில் வைத்திருப்பாள். அம்மா கேட்டுவிட்டு, "அந்தாண்ட ஆளு எங்கடா போனான்?" என்றிருப்பாள்.

'வேண்டாம்ப்பா, தட்டு இருக்கிறது ஒன்றே போதும்' என்று எழுதினேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

படம் திண்டிவனத்தில் சில நாட்கள்தான் ஓடியது. அம்மாவுக்கு அப்போது முட்டி வலி. போகவில்லை. வசந்தி மட்டும் போய்விட்டு வந்து, "ண்ணா, ஸ்பீக்கர்ல நீ நெஞ்சுல வந்து இடிக்கிற" என்றாள். அம்மா கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்கிறாளாம். தினமும் இல்லை; தோன்றும்போது. பேரனைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு பேர் பாட்டப் போடு" என்பாளாம்.

நேற்று வெள்ளிக்கிழமை. உணவகத்தில் கூட்டம் குறைவு. கிழவர் வந்திருந்தார், அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். க்ளேர் எப்போதும்போல் பாடினார். நான் நாலு வாசித்து நிறுத்தினேன். ஐந்தாவதில் க்ளேர் மூச்சு எடுத்தார், கிழவர் கண்ணை மூடிக்கொண்டார், கூடம் அமைதியானது. எனக்கு மட்டும் அங்கே மரம் தரையில் படும் சத்தம் கேட்டது. அது படும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்ததை இழுத்தேன்.